ஏரிக்கரையில் மூன்றாவது இடம்

சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். கிருஷாந்தி கதை கட்டுகிற ஆள் இல்லை. பயந்தவளும் இல்லை. கடையைப் பூட்டிவிட்டு ஹட்டன் பஜாரில் இருட்டில் தனியாக நடந்து வீட்டுக்குப் போகிறவள். அவளுக்கு இது நடந்ததும் ராத்திரியில் இல்லை. பகலில்தான். மழைக்கு முன்னால் மூடுபனி இறங்குமே, அந்த நேரத்தில்.

இது நடந்த தேயிலைத் தோட்டத்தின் பெயர் வேண்டாம். அங்கே இன்னும் சனங்கள் குடியிருக்கிறார்கள். பூண்டுலோயாவிலிருந்து மேலே ஏறுகிற வழி, அது போதும்.

அவளுடைய கணவன் தரணிதரன். ஹட்டனில் இரும்புக் கடை வைத்திருக்கும் குடும்பம். அவனுக்குக் கடையில் உட்காருவதைவிட ஊர் சுற்றுவதில்தான் ஆசை. பழைய வேன் ஒன்றை வாங்கி, உள்ளே கட்டிலும் சின்ன அடுப்பும் வைத்து, கேம்பர் வேன் ஆக்கினான். கொழும்பு ஆட்களும் வெள்ளைக்காரர்களும் வாடகைக்கு எடுத்தார்கள். ஆனால் வேனைக் கொண்டுபோய் நிறுத்த நல்ல இடம் இல்லை. "நமக்குன்னு ஒரு எடம் வேணும் கிருஷா. ஏரிக்கரையில. டென்ட் அடிக்கிறவங்க டென்ட் அடிக்கட்டும், வேன்ல வர்றவங்க வேனுலயே தூங்கட்டும்" என்று சொல்லிக்கொண்டே இருப்பான். வீட்டில் அவளைக் 'கிருஷா' என்று கூப்பிட்டது அவன் ஒருவன்தான்.

சித்திரையில் ஒருநாள் காலை, கடைக் கதவைத் திறக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். முப்பத்தெட்டு வயது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது.

கிருஷாந்தி அழவில்லை. அழுகை வரவில்லை, அவ்வளவுதான். பல் பிடுங்குகிறதுக்கு ஊசி போட்டால் கன்னம் எப்படி இருக்கும்? தொட்டால் தெரியும், வலிக்காது. உடம்பு முழுக்க அப்படி இருந்தது அவளுக்கு. சாப்பிட்டாள். தூங்கினாள். கருமாதிக்கு வந்தவர்களுக்குப் பரிமாறினாள். "நல்ல தைரியசாலி" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவள் அதையும் கேட்டுக்கொண்டாள்.

ஐப்பசி பிறந்ததும், "அண்ணன் ஆசப்பட்ட எடத்தப் பாத்துருவோமா அண்ணி?" என்று கேட்டான் தரணியின் தம்பி கிஷாந்த். வேனை ஓட்டுகிறவன் அவன்தான்.

"பாப்போம்" என்றாள்.

முதலில் கந்தப்பளைப் பக்கம் ஒரு குளத்தைப் பார்த்தார்கள். கரை வரைக்கும் மரக்கறித் தோட்டம். மருந்து அடிக்கிற வாடையில் கண் எரிந்தது. இரண்டாவது, பட்டிப்பொலைக்கு இந்தப் பக்கம். ஏரி அழகுதான், ஆனால் காற்று நாலு பக்கமும் அடித்து டென்டைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. வேன் நிற்கிற இடமும் சரிவு. கட்டிலில் படுத்தால் தலைக்கு ரத்தம் இறங்கும்.

மூன்றாவது இடம்தான் இது. சொந்தக்காரர் கண்டியில் இருக்கிற ஒரு மாத்தயா, சிங்களப் பெரிய மனிதர். இடத்தைக் காட்ட அவருடைய காவல்காரர் செல்லசாமி வந்திருந்தார். அறுபது வயது இருக்கும். தலையில் கம்பளித் தொப்பி, காலில் செருப்பு இல்லை.

பார்த்ததும் கிஷாந்துக்குப் பிடித்துப் போனது. மூன்று பக்கம் தேயிலை மலை. நடுவே சின்ன ஏரி, கண்ணாடி மாதிரி. கரையிலிருந்து கொஞ்சம் மேலே பாய் விரித்த மாதிரி சமதரை. வேனை நிறுத்தி, உள்ளே மேசையில் ஒரு கிளாஸ் தண்ணீர் வைத்துப் பார்த்தான். தண்ணீர் ஒரு பக்கமும் சாயவில்லை.

"யாரோ வெட்டிவிட்ட மாதிரி இருக்கே ஐயா?"

"முன்னால தேயிலைக் கொழுந்து நிறுக்கிற மடுவம், பெரிய கொட்டகை, இருந்த எடங்க" என்றார் செல்லசாமி.

"இப்ப?"

"இப்ப இல்லைங்க."

அவர் டென்ட் ஆணிகளைப் பொறுக்கி எடுத்தார். டென்ட் அடிக்க உதவி செய்தார். இரண்டு பேர் படுக்கிற டென்ட். வாசலைக் கிருஷாந்தி ஏரியைப் பார்த்து வைத்தாள். செல்லசாமி ஒருமுறை மலையைப் பார்த்தார், ஒருமுறை வாசலைப் பார்த்தார். என்னவோ சொல்ல வந்து, ஆணியை அடிக்கக் குனிந்துகொண்டார்.

மூன்று மணி தாண்டியதும் வானம் மூடியது.

"மழைக்கு முன்னால மேல் வளைவப் பாத்துட்டு வந்துர்றேன் அண்ணி. பெரிய வண்டி வந்தா திருப்ப முடியுமான்னு தெரியணும்" என்றான் கிஷாந்த். செல்லசாமியை ஏற்றிக்கொண்டான். "நீங்களும் வாங்க."

"நான் இங்கயே இருக்கேன். மழ பேஞ்சா டென்ட்டுக்கு அடியில தண்ணி ஊறுதான்னு பாக்கணும்ல."

வேன் சத்தம் மேலே ஏறி, தேய்ந்து, நின்றது.

மூடுபனி மலையிலிருந்து இறங்கவில்லை. ஏரியிலிருந்து ஏறி வந்தது. முதலில் அக்கரை காணாமல் போனது. பிறகு தண்ணீர். பிறகு டென்ட் கயிறு கட்டிய ஆணிகள். தூறல் விழுந்தது. கிருஷாந்தி உள்ளே போய் ஜிப்பை இழுத்து மூடிவிட்டு, கால்களைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். உள்ளே வெளிச்சம் இருந்தது. பால் வெளிச்சம். மேலே தூறல் பொரிகிற சத்தம்.

"உள்ள எடம் இருக்குங்களா?"

பொம்பிளைக் குரல். வாசலுக்குப் பக்கத்தில். மரியாதையாக, கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டது. கொழுந்து எடுக்கிறவர்கள் மழைக்கு ஒதுங்க வந்திருப்பார்கள் என்று நினைத்தாள்.

"இருக்கு, வாங்க."

ஜிப் திறக்கவில்லை.

ஆனால் அவளுக்கு வலது பக்கத்தில் தரைவிரிப்பு மெதுவாக அமுங்கியது. ஆள் உட்கார்ந்தால் அமுங்குகிற மாதிரி. நனைந்த கம்பளி வாடை அடித்தது.

கிருஷாந்தி அந்தப் பள்ளத்தைப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. கத்த வேண்டும் என்று தெரிந்தது. கத்தத் தோன்றவில்லை.

"எடம் இருக்குங்களா?"

இந்த முறை ஓர் ஆம்பிளை. இருமல் கலந்த குரல்.

"இருக்கு."

இடது பக்கம் அமுங்கியது.

மூன்றாவதாக ஒரு சின்னப் பிள்ளையின் குரல். அதற்கும் இருக்கு என்றாள். கால்மாட்டில் விரிப்பு சின்னதாகக் குழிந்தது.

அப்போதுதான் அவளுக்கு அந்த நினைப்பு வந்தது. ஆறு மாதத்தில் அவளுக்குள் அசைந்த முதல் நினைப்பு அதுதான்.

இவங்க எல்லாம் வர முடியும்னா... அவரும் வரலாமே?

அதற்குப் பிறகு அவள் ஒவ்வொரு குரலுக்கும் காது கொடுத்தாள். அடுத்தது அவராக இருக்குமா? இல்லை. கிழவர் ஒருவர். "வாங்க." அடுத்தது? ஒரு பெண்பிள்ளை. "வாங்க, வாங்க." ஒதுங்கி ஒதுங்கி இடம் விட்டாள். முழங்கையை அசைக்க முடியவில்லை. ஈரத் தோள் ஒன்று அவள் தோளில் அழுந்தியது. முதுகில் இன்னொரு முதுகு. யாரும் பேசவில்லை. மூச்சுச் சத்தம் மட்டும்...

பிறகு வெளியே தூறல் நின்றது. ஒரேயடியாக.

"கிருஷா."

அவன்தான்.

"கிருஷா... வெளிய வா."

கொஞ்சம் தூரத்திலிருந்து. தண்ணீர்ப் பக்கமிருந்து.

"இங்க எடம் இருக்கு" என்றாள். தன் குரலே அவளுக்கு வேறு மாதிரிக் கேட்டது. "நீங்க உள்ள வாங்க."

"அங்க வேணாம். வெளிய வா."

அவள் எழுந்தாள். மணிக்கட்டை ஒரு கை பிடித்தது. ஜில்லென்ற கை. சொரசொரப்பான விரல்கள்.

"போகாதம்மா."

முதலில் வந்த அந்தப் பொம்பிளைக் குரல்தான். இப்போது காதுக்குள்.

"போகாதீங்க." இருமல் குரல்.

"போகாத அக்கா..."

எல்லாப் பக்கமிருந்தும் நெருக்கினார்கள். மடியில் கை. முந்தானையில் கை. காலில் சின்னக் கை.

கிருஷாந்தி உதறினாள்.

ஜிப்பை இழுத்தாள். சிக்கியது. இழுத்தாள்.

வெளியே வெள்ளை.

"இந்தப் பக்கம்..."

நடந்தாள்.

ஒரே ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். டென்ட் உப்பிப் போய் நின்றது. துணிக்கு உள்ளே முதுகுகள். தலைகள். உள்ளங்கைகள்... அவளை நோக்கி.

"பாக்காத. வா."

நடந்தாள்.

செருப்பு வழுக்கியது. விட்டாள்.

"இன்னும் கொஞ்சம்..."

காலில் ஏதோ பட்டது. தண்ணீர். குளிரவில்லை.

முழங்கால்.

இடுப்பு.

"வா..."

பின்னாலிருந்து ஒருவன் கழுத்தோடு சேர்த்து அவளைப் பிடித்து இழுத்தான். கிஷாந்த். அவனும் தண்ணீரில் விழுந்தான். "அண்ணி! அண்ணி!" என்று கத்திக்கொண்டே இருந்தான். அவளை இழுத்துக் கரையில் போட்டபோது அவன் பல் கிட்டித்துப் போயிருந்தது. கிருஷாந்தி சும்மா படுத்திருந்தாள். மூடுபனி பிரிந்து அக்கரை தெரிந்தது. ஏரியில் ஓர் அலைகூட இல்லை. டென்ட் தொய்ந்து தரையோடு கிடந்தது.

செல்லசாமியின் வீடு மேல் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில் ஒன்று. அவர் மனைவி மீனம்மா அடுப்படியில் உட்கார வைத்துக் கம்பளி போர்த்தி, சூடாகப் பால் ஊற்றாத சாயத் தண்ணி கொடுத்தார். டம்ளரை வாங்கியபோதுதான் எல்லாரும் பார்த்தார்கள். அவள் மணிக்கட்டில் நாலு விரல் தடம். கறுப்பு. கொழுந்து எடுத்து எடுத்துப் பொம்பிளைகள் விரலில் ஏறியிருக்குமே ஒரு கறை, அது.

மீனம்மா புருஷனைப் பார்த்தார். "இப்பயாவது சொல்லுங்க."

செல்லசாமி தொப்பியைக் கழற்றினார்.

"எனக்கு அப்ப பதினாலு வயசுங்க. நாலு நாளா மழ. மலை சரியப் போகுதுன்னு கீழ் லயத்து ஆளுங்க எல்லாரும் அந்த மடுவத்துல ஒதுங்கினோம். மலை சரியலைங்க. ஒரு கல்லுகூட உருளல."

"பொறகு?"

"சாயங்காலம் மூடுபனி ஏறுச்சு. வெளிய யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க. அவங்கவங்க வீட்டுல செத்தவங்க குரல்லங்க. ஒருத்தருக்குக் கேக்கறது அடுத்தவருக்குக் கேக்கல. வேலாயின்னு ஒரு அக்கா, புருஷன் கூப்பிடுறாருன்னு சொல்லிக்கிட்டே எந்திரிச்சுப் போனாங்க. அப்புறம் ஒவ்வொருத்தரா... ஏழு பேரு ஏரிக்குள்ள போயிட்டாங்க. எனக்கும் கேட்டுச்சுங்க, என் தங்கச்சி குரலு. எங்கப்பா வேட்டியக் கிழிச்சு என்னத் தூணோட கட்டிப் போட்டாரு. அதனால இருக்கேன்."

அடுப்பில் விறகு வெடித்தது.

"அந்த ஏழு பேருதான் மழைக்குக் கூரை தேடி வருவாங்க. இந்த லயத்துலயும் வந்து எடம் கேப்பாங்க. வாங்கன்னு சொல்லிருவோம். பாவம், ஒண்ணும் செய்ய மாட்டாங்க. ஒக்காந்துட்டுப் போயிருவாங்க. உங்கள அவங்க புடிச்சது..." அவர் அவள் மணிக்கட்டைக் காட்டினார். "விடக் கூடாதுன்னுதாம்மா."

"அப்ப கூப்பிட்டது யாரு?" என்றான் கிஷாந்த்.

"அது தெரியாதுங்க தம்பி. இன்னைக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது."

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல ஐயா?"

அவர் தரையைப் பார்த்தார். "டென்ட் போட ஆளுங்க வந்தா இவளுக்கு ரொட்டி சுடுற வேலையாவது கெடைக்கும்னு நெனச்சேங்க. சொன்னா வரமாட்டீங்களே."

மீனம்மா கிருஷாந்தியின் டம்ளரில் இன்னும் கொஞ்சம் சாயத் தண்ணி ஊற்றினார்.

அந்த இடத்தை அவர்கள் எடுக்கவில்லை. மணிக்கட்டுக் கறை தேசிக்காய்ப் புளி போட்டுத் தேய்த்தும் உடனே போகவில்லை. பிறகு தானாக மங்கிவிட்டது. கிருஷாந்தி மறுபடி கடைக்குப் போனாள். ஆணி நிறுத்தாள், கம்பி அளந்தாள். அந்த ஏரியைப் பற்றி யாரிடமும் பேசவில்லை.

தீபாவளி முடிந்து ஒருநாள், கிஷாந்த் கடைக்குள் வந்து நின்றான். கடையில் வேறு யாரும் இல்லை.

"என்ன கிஷாந்த்?"

"அன்னைக்கு நான் ஏன் கீழ ஓடி வந்தேன்னு நீங்க கேக்கவே இல்ல அண்ணி."

அவள் கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்தாள்.

"மேல் வளைவுல வண்டியத் திருப்பிக்கிட்டு இருந்தேன். செல்லசாமி ஐயா கீழ எறங்கிப் பின்னால கல்லு பாத்துக்கிட்டு இருந்தாரு. வண்டிக்குள்ள நான் மட்டுந்தான். பக்கத்து சீட்டுல அண்ணன் குரல் கேட்டுச்சு. 'அவசரப்படாத, மெதுவாப் போ. அவ எங்கிட்டதான் வந்துக்கிட்டு இருக்கா'ன்னு..."

வெளியே பஸ் ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டு போனது.

"அவரு குரல்தானா?"

"அவரு குரல்தான் அண்ணி."

"எப்படிச் சொன்னாரு? கோவமாவா?"

கிஷாந்த் தலையை ஆட்டினான். அவன் கண் கலங்கியிருந்தது.

"இல்ல அண்ணி. சிரிச்சுக்கிட்டே."