பொத்தான் அக்காவின் ஆட்டத்தில் தூது கிடையாது

பொத்தான் அக்காவுக்கு இடது கால் வலது காலைவிடக் கொஞ்சம் குட்டை. நடந்து வரும்போது ஒரு அடி அழுத்தமாகவும் அடுத்த அடி மெதுவாகவும் கேட்கும். மதியம் அந்தச் சத்தம் கேட்டதும் மடிக்கும் மேசையின் ஒரு மூலையில் இருக்கும் போர்வைகளை நகர்த்தி இடம் ஒழித்துவிடுவோம். அக்கா சீட்டுக்கட்டோடு வருகிறார் என்று அர்த்தம்.

ஆஸ்பத்திரியின் பின்பக்கம் இருக்கிறது எங்கள் சலவைக்கூடம். துவைப்பதற்கும் உலர்த்துவதற்கும் இயந்திரம் உண்டு. தேய்ப்பது நான். மடித்து அடுக்குவது என் ஓரகத்தி, அதாவது என் கணவருடைய அண்ணன் மனைவி. வெந்நீருக்கும் நீராவிக்கும் பாய்லர் அண்ணன். கிழிசல் தைப்பதும் அறுந்த பொத்தானை வைப்பதும் பொத்தான் அக்கா. இருபத்தாறு வருஷமாக ஜன்னலோரம் அதே முக்காலியில் உட்கார்ந்திருக்கிறார். நோயாளிகள் போடும் சட்டையில் பொத்தான் அறுந்து போனால் அவருக்குத் தன் மானமே போனதுபோல் இருக்கும்.

"உடம்பு முடியாம படுத்திருக்கறவங்க, சட்டையைக் கையில புடிச்சுக்கிட்டா படுத்திருப்பாங்க?" என்று திட்டிக்கொண்டே தைப்பார். யாரைத் திட்டுகிறார் என்பது அவருக்கும் தெரியாது.

அவரே அப்படிப் படுத்திருந்தவர்தான். பத்தொன்பது வயதில் கால் எலும்பில் நோய் வந்து, இதே ஆஸ்பத்திரியில் பதினான்கு மாதம் இருந்தார். அந்த அறையில் நான்கு கட்டில்கள், நான்கு பெண்கள். பொழுது போக வேண்டுமே. அங்கேதான் இந்தச் சீட்டாட்டத்தைக் கற்றுக்கொண்டார். கால் ஓரளவு சரியானதும், தையல் தெரியுமா என்று கேட்டு இங்கேயே வேலை போட்டுக் கொடுத்துவிட்டார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பக்கத்துத் தெருவில் ஒரே ஒரு அறையில் குடியிருக்கிறார்.

இரண்டாவது சுமையை உலர்த்தும் இயந்திரத்தில் போட்டால் நாற்பது நிமிஷம் எங்களுக்கு வேலை இல்லை. அதுதான் ஆட்ட நேரம். முன்பு ஆடிய இரண்டு பேர் வேறு பிரிவுக்கு மாறிப் போனதால், அக்கா என்னையும் என் ஓரகத்தியையும் கூப்பிட்டார்.

எனக்கு உதறல். சீட்டைத் தொடுவதே பாவம் என்று வளர்ந்தவள் நான்.

"காசு வெச்சா ஆடறோம்? பொத்தான் வெச்சு ஆடறோம். இதுக்குப் போய்க் கடவுள் கோவிச்சுப்பாரா? வேணும்னா அவரையே கேட்டுட்டு வா" என்றார் அக்கா.

மறுநாள் காலை கும்பிடும்போது உண்மையிலேயே கேட்டேன். மதியம் வந்து, "பதில் ஒண்ணும் வரலைக்கா" என்றேன்.

"வேணாம்னு சொல்லலைல்ல? அப்ப உக்காரு."

ஆட்டம் சுலபம்தான். இரண்டு கட்டுகளை ஜோக்கரோடு ஒன்றாகக் கலக்க வேண்டும். ஆளுக்குப் பதினோரு சீட்டு. முறை வரும்போது கட்டிலிருந்தோ, முந்தையவர் கீழே போட்டதையோ ஒரு சீட்டு எடுத்து, ஒன்றைக் கீழே போட வேண்டும். நான்கு பேர், இரண்டு கட்சி. நம் கட்சிக்காரர் நமக்கு எதிரில் உட்காருவார். ஒரே எண்ணில் மூன்று சீட்டு சேர்ந்தால் மேசையில் இறக்கலாம். நாம் இறக்கியதோடு எதிரில் இருப்பவரும் சேர்க்கலாம், அவர் இறக்கியதோடு நாமும் சேர்க்கலாம். ஜோக்கரையும் இரண்டாம் எண் சீட்டையும் எதற்குப் பதிலாகவும் வைத்துக்கொள்ளலாம். ஒரே எண்ணில் ஏழு சேர்ந்தால் அது 'முழுசு'. ஒரு முழுசாவது இருந்தால்தான் ஆட்டத்தை முடிக்க முடியும். முடிக்கும் நேரத்தில் கையில் மிஞ்சிய சீட்டெல்லாம் அந்தந்தக் கட்சிக்கு நஷ்டம். கணக்குக்கு ஒரு டப்பா நிறைய அறுந்த பொத்தான்கள்: பெரியது நூறு, சிறியது பத்து.

எல்லாவற்றுக்கும் மேலே அக்கா வைத்திருந்த சட்டம் ஒன்று உண்டு. கையில் இருப்பதையெல்லாம் இறக்கி ஆட்டத்தை முடிக்க நினைப்பவர், முதலில் எதிரில் இருப்பவரைக் கேட்க வேண்டும். "முடிக்கட்டுமா?" அவர் சரி என்றால் முடிக்கலாம். வேண்டாம் என்றால் முடிக்கக் கூடாது. எவ்வளவு நல்ல சீட்டு வந்திருந்தாலும் கூடாது.

யார் யாரோடு என்று முடிவு செய்ய ஆளுக்கு ஒரு சீட்டு எடுத்தோம். பெரிய சீட்டு இரண்டும் ஒரு கட்சி. எனக்கு ராஜா வந்தது. என் ஓரகத்திக்கு ஆஸ்.

பாய்லர் அண்ணன் தலையில் கை வைத்தார். "செத்தோம். வேற எடுக்கலாமா?"

"எடுத்தது எடுத்ததுதான். டப்பாவுல பொத்தான் தீர்ற வரைக்கும் ஜோடி மாறாது" என்றார் அக்கா.

அண்ணன் பயந்ததற்குக் காரணம் இருந்தது. நானும் என் ஓரகத்தியும் பேசிப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. ஒரே வீடு, ஒரே கூடம், ஒரே சமையலறை. வேலைக்கு நடப்பதும் ஒரே சாலையில்தான், நடுவே பத்தடி இடைவெளி விட்டு. வீட்டில் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் என் மகளிடம், "உங்க பெரியம்மாகிட்ட குழாயை மூடச் சொல்லு" என்பேன். குழாய்க்குப் பக்கத்திலேயே நிற்பவர் அவர் மகனிடம், "மூடியாச்சுன்னு உங்க சித்திகிட்ட சொல்லு" என்பார்.

தப்பு என்னுடையதுதான். மாமியார் காலமான பிறகு அவருடைய தையல் மெஷின் வீட்டில் சும்மா கிடந்தது. என் தங்கை கஷ்டப்படுகிறாள் என்று அதைத் தூக்கிக் கொடுத்துவிட்டேன். அந்த மெஷினை வைத்து வீட்டிலிருந்தே நான்கு துணி தைக்கலாம் என்று ஓரகத்தி நினைத்திருந்தது எனக்குத் தெரியாது. "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?" என்றார். "உங்களை எதுக்குக் கேக்கணும்?" என்றேன். அவ்வளவுதான். பிறகு அவரும் நான் இருக்கும் சலவைக்கூடத்துக்கே வேலைக்கு வர வேண்டியதாயிற்று. தைக்க நினைத்தவர் மடிக்க வந்தார்.

இப்படிப்பட்ட இரண்டு பேர் ஒரு கட்சி. முதல் வாரத்திலேயே எனக்கு நல்ல சீட்டு வந்தது. முடித்துவிடலாம். கேட்க வேண்டுமே! பாய்லர் அண்ணன் பக்கம் திரும்பி, "அண்ணே, எதிர்ல இருக்கறவங்ககிட்ட முடிக்கலாமான்னு கேளுங்க" என்றேன்.

"இங்க தூதெல்லாம் செல்லாது. நேரா கேளு" என்றார் அக்கா.

நான் கேட்கவில்லை. ஒரு சீட்டைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டேன். அடுத்த சுற்றில் அண்ணன் முடித்துவிட்டார். ஓரகத்தியும் அப்படியே. ஒருமுறை கூரையைப் பார்த்து, "முடிச்சாத் தேவலை" என்றார். "கூரை உன் கட்சியா?" என்றார் அக்கா. அதுவும் செல்லவில்லை.

பதினேழு ஆட்டம் வரிசையாகத் தோற்றோம். டப்பாவில் இருந்த பெரிய பொத்தான்கள் எல்லாம் அவர்கள் பக்கம் மலையாகக் குவிந்தன.

"ஒரு தடவை விட்டுக் குடுங்களேன் அக்கா. ஜெயிச்சு ஜெயிச்சு எனக்கே அலுத்துப் போச்சு" என்றார் அண்ணன்.

அக்கா சீட்டைக் கலைப்பதை நிறுத்தினார். "நான் இங்க படுத்திருந்தப்ப, எதிர்க் கட்டில்ல இருந்த பொண்ணுதான் என் கட்சி. ஒருநாள் அவளைக் கேக்காம முடிச்சிட்டேன். அவ கை நிறைய சேர்த்து வெச்சிருந்தா. அத்தனையும் நஷ்டம். முகத்தைத் திருப்பிக்கிட்டுப் படுத்துட்டா. காலையில சரி பண்ணிக்கலாம்னு நானும் தூங்கிட்டேன். நான் எழுந்திரிக்கறதுக்குள்ள அவளை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. எந்த ஊருன்னுகூட நான் கேட்டு வெச்சுக்கலை." பிறகு சீட்டை எங்கள் முன்னால் போட்டார். "விட்டுக் குடுக்கறதெல்லாம் என்கிட்ட நடக்காது. வெட்டு."

அதே வாரம் எங்கள் வீட்டு வாசலில் செங்கல் வந்து இறங்கியது. எங்கள் தூதுத் தொல்லை தாங்காமல், என் கணவரும் அவர் அண்ணனும் கூடத்தின் நடுவே சுவர் எழுப்ப முடிவு செய்திருந்தார்கள். சனிக்கிழமை கொத்தனார் வருவார். "அண்ணிதான் கேட்டாங்களாம்" என்றார் என் கணவர். கேட்கட்டும், எனக்கென்ன என்று இருந்துவிட்டேன். ஆனால் நெஞ்சில் கல் ஏறி உட்கார்ந்துகொண்டது. கூடத்தின் ஜன்னல் முழுக்க அவர்கள் பக்கம் போய்விடும். அதுகூடப் பெரிதில்லை. என் மகளும் அவர் மகனும் சின்ன வயதிலிருந்து ஒரே மேசையில்தான் படிக்கிறார்கள். வியாழக்கிழமை காலை அந்தப் பையன் நூலை வைத்து மேசையை அளந்துகொண்டிருந்தான்.

"சித்தி, சுவர் வந்தா மேசை எந்தப் பக்கம்?"

நூலை வாங்கிச் சுருட்டி வைத்தேன். கும்பிட உட்கார்ந்தால், கும்பிட வரவில்லை. 'என்ன செய்யணும்னு நீயே காட்டு' என்று மட்டும் சொல்லிவிட்டு வேலைக்கு நடந்தேன். பத்தடி முன்னால் ஓரகத்தியின் முதுகு போய்க்கொண்டிருந்தது.

அன்று மதியம் எங்களுக்குப் பத்தாம் எண்ணில் ஒரு முழுசு சேர்ந்திருந்தது. ஒரு சீட்டு எடுத்தேன், ஆறு. கையில் மூன்று ஆறும் ஒரு நான்கும். ஆறுகளை இறக்கி, நான்கைக் கீழே போட்டால் முடிந்தது. பாய்லர் அண்ணன் கையில் மூன்றே சீட்டு. இப்போது விட்டால் அவர் முடித்துவிடுவார்.

எதிரில் இருந்தவரை நிமிர்ந்து பார்த்தேன். பதினோரு வருஷத்தில் அவருக்குக் காதோரம் நரைத்திருந்தது. நான் கவனிக்கவே இல்லை.

"அக்கா, முடிக்கட்டுமா?"

பாய்லர் அண்ணன் சீட்டை மார்போடு அணைத்துக்கொண்டார். ஓரகத்தி என்னைப் பார்த்தார். தன் சீட்டைப் பார்த்தார். மறுபடியும் என்னைப் பார்த்தார்.

"வேணாம்."

என் முகம் எரிந்தது. இத்தனை வருஷம் கழித்து வாயைத் திறந்தால் இதுதானா கிடைக்க வேண்டும்! ஆனால் சட்டம் சட்டம். ஆறுகளைக் கையிலேயே வைத்துக்கொண்டு நான்கை மட்டும் கீழே போட்டேன்.

அண்ணன் ஒரு சீட்டு எடுத்தார், உதட்டைப் பிதுக்கினார், ஒரு ராணியைக் கீழே போட்டார்.

ஓரகத்தியின் கை பாய்ந்தது. அந்த ராணியை எடுத்து, தன் கையில் மறைத்து வைத்திருந்த நான்கு ராணி, ஒரு ஜோக்கர், ஒரு இரண்டு எல்லாவற்றோடும் சேர்த்து மேசையில் பரப்பினார். ஏழு! கையோடு ஒரு முழுசு. நான் முடித்திருந்தால் அத்தனையும் நஷ்டக் கணக்கில் போயிருக்கும்.

"யோவ், ராணியையா போடுவ?" என்று கத்தினார் பொத்தான் அக்கா.

"எனக்கென்னக்கா தெரியும்? அவங்க முகத்துல ஒண்ணுமே தெரியலை. பதினோரு வருஷப் பழக்கமாச்சே!"

அக்காவின் முறை போய் என் முறை வந்தது. எதிரே பார்த்தேன். "இப்ப?"

"ம். இப்ப முடி."

பதினெட்டாவது ஆட்டத்தில் ஜெயித்தோம். பெரிய பொத்தான்களை எண்ணிக் கொடுக்கும்போது அக்காவின் முகம் பார்க்கச் சகிக்கவில்லை. "உங்களைப் பேச வெச்சது என் புத்திகெட்ட வேலை" என்று முணுமுணுத்தபடி முக்காலிக்குப் போய்விட்டார். எங்களைச் சேர்த்து வைக்க அவர் ஒன்றும் திட்டம் போடவில்லை. அவருக்கு ஆட்டம் ஒழுங்காக நடக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனாலும் காலையில் நான் கேட்டதற்கு மதியம் பதில் வந்துவிட்டது என்றே நினைக்கிறேன்.

வேலை முடிந்து திரும்பும்போது ஓரகத்தி பத்தடி முன்னால் நடக்கவில்லை. வாசலில் செருப்பு மாட்டும் சாக்கில் நின்றுகொண்டிருந்தார். சேர்ந்து நடந்தோம். பாதித் தூரம் வந்ததும் கேட்டேன்.

"அக்கா, சுவர் வேணும்னு நீங்க கேட்டீங்களா?"

"நானா? நீ கேட்டதாத்தானே எங்க வீட்டுக்காரர் சொன்னாரு!"

"நான் கேக்கவே இல்லையே."

நடு வழியில் நின்றுவிட்டோம். சைக்கிளில் வந்தவர் மணியடித்து எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்.

"உங்களுக்குச் சுவர் வேணுமா?"

"வேணாம்" என்றார். அன்றைக்கு இரண்டாவது 'வேணாம்'. அதைவிட இனிப்பான சொல்லை நான் கேட்டதில்லை.

"தையல் மெஷினுக்கு நான் உங்களைக் கேட்டிருக்கணும் அக்கா."

மறுபடி நடக்க ஆரம்பித்தார். பிறகு, "கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேன்" என்றார். இன்னும் கொஞ்சம் நடந்து, "ஆனா கேட்டிருக்கலாம்."

நான் அழுதேன். "ரோட்டுல அழாதே, என்னைத்தான் கெட்டவளா நினைப்பாங்க" என்று முந்தானையைக் கொடுத்தார்.

சனிக்கிழமை கொத்தனார் கரண்டியோடு வந்து நின்றார். சுவர் இல்லை என்றதும் அவருக்கு ஒரே கோபம். செங்கல் இருக்கிறது, ஆள் இருக்கிறார், என்ன செய்வது? ஓரகத்திதான் சொன்னார்: பொத்தான் அக்காவின் அறைக்கு ஒரே படி, முழங்கால் உயரம். அந்தக் காலோடு தினமும் கதவு நிலையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு ஏறுகிறார். இரண்டு சின்னப் படியாகக் கட்டிக் கொடுத்தால் என்ன?

கைவண்டியில் செங்கலைத் தள்ளிக்கொண்டு நாங்கள் இருவரும் எங்கள் கணவர்களும் கொத்தனாரோடு போனோம். கொத்தனார் கரண்டியை எடுத்ததும் என் கையை ஓரகத்தி பிடித்தார்.

"கேட்டியா?"

ஐயோ, கேட்கவில்லை! ஓடிப் போய்க் கதவைத் தட்டினேன். கையில் ஊசி நூலோடு அக்கா வந்தார். செங்கலைப் பார்த்தார். கொத்தனாரைப் பார்த்தார். பக்கத்தில் பக்கத்தில் நின்ற எங்கள் இருவரையும் ரொம்ப நேரம் பார்த்தார்.

"அக்கா, படி கட்டட்டுமா?"

அவர் கண் கலங்கியது. அதை மறைக்க நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"நான் எதிர்க்கட்சி. எதிர்க்கட்சியைக் கேக்கணும்னு சட்டம் இல்லை. கட்டுங்க."

அந்தப் படியில் இப்போது நிலையைப் பிடிக்காமல் ஏறுகிறார். எங்கள் மேசை கூடத்தின் நடுவில்தான் இருக்கிறது. காலையில் கும்பிடும்போது வீட்டார் எல்லோருக்குமாக வேண்டிக்கொண்ட பிறகு, பொத்தான் அக்காவின் கால் வலிக்காமல் இருக்கட்டும் என்று சேர்த்துக்கொள்கிறேன். ஆட்டத்தில் அவர் ஜெயிக்க வேண்டும் என்று மட்டும் வேண்டுவதில்லை. அப்படி வேண்டியது என் ஓரகத்திக்குத் தெரிந்தால் சும்மா விடமாட்டார்.