கூரை கேட்டவரிடம் நிலப்பட்டா கேட்டேன்

விண்ணப்பம் வாங்கும் கிராணி, அதாவது குமாஸ்தா, யாருக்கும் "இல்லை" என்று சொல்ல வேண்டியதில்லை. இன்னொரு கடிதம் கொண்டுவாருங்கள் என்றால் போதும். கவுண்டருக்கு வெளியே கால் கடுக்க நின்றவர்கள் நீங்கள், உங்களுக்கே தெரியும். எழுபதுகளில் ஈப்போவில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் நான் உள்ளே உட்கார்ந்திருந்தவள்.

யாருடைய மண்

மாணிக்கம், பீடோர் பக்கம் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியின் தலைமையாசிரியர். உத்தரத்தைக் கறையான் தின்றுவிட்டது, கூரை மாற்ற வேண்டும் என்று வந்தார். பள்ளிக் கட்டடத்துக்குப் பணம் கோலாலம்பூரிலிருந்து வரவேண்டும். நிலம் மாநில அரசின் விவகாரம். அவருடைய பள்ளி நின்றதோ தோட்டக் கம்பெனியின் மண்ணில். தனியார் நிலத்தில் அரசாங்கம் கட்டித் தராது. பட்டா கேட்டேன், இல்லாவிட்டால் கம்பெனி நிலத்தை விட்டுத்தரும் கடிதம்.

மூன்று மாதம் கழித்துக் கடிதத்தோடு வந்தார். தோட்டத்து மேனேஜர் கையெழுத்துப் போட்டிருந்தார்: கம்பெனிக்கு நிலம் தேவைப்படும்வரை பள்ளி அங்கே இருக்கலாம். இது செல்லாது என்றேன். அவர் குரலை உயர்த்தவில்லை. கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டே சொன்னார்: "மேல இருக்குற ஓட்டையக் காட்டுனா, எல்லாரும் கீழ தரையப் பாக்குறீங்களே தங்கச்சி."

முகவரி

கோலா கங்சார் பக்கத்துத் தோட்டத்திலிருந்து செல்லம்மா என்ற, ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் மரம்வெட்டு வேலை செய்யும் அம்மா, மகள் தேவியோடு வந்தார். அரசாங்கப் பயிற்சி நிலையத்தில் தையல் படிப்பு. தங்க இடமும் சாப்பாடும் இலவசம். விண்ணப்பப் பாரத்தை நானே நிரப்பினேன். தோட்டத்து ஆபிஸ் விலாசம் வேண்டாம், கடிதம் அங்கேயே கிடக்கும், டவுன் மளிகைக்கடை விலாசத்தைப் போடுங்கள் என்று கெஞ்சினார். வசிக்கும் இடத்தைத்தான் எழுத வேண்டும் என்று சட்டம் பேசினேன். தோட்டத்து விலாசத்தையே எழுதினேன்.

நேர்முகத் தேர்வுக் கடிதம் அந்த ஆபிசில் இரண்டு வாரம் கிடந்திருக்கிறது. தேதி முடிந்தபிறகு அதைப் பிடித்துக்கொண்டு இருவரும் என் முன்னால் நின்றார்கள். பயிற்சி நிலையத்துக்குப் போன் செய்து பார்த்தேன். இடம் நிரம்பிவிட்டது, அடுத்த வருடம் தேவிக்கு வயது கடந்துவிடும். அந்தப் பெண் நிமிர்ந்தே பார்க்கவில்லை. செல்லம்மாதான் பேசினார்: "இன்னிக்கி மழை, மரம் வெட்டு இல்ல. இல்லாட்டி இதக் கேக்கக்கூட வந்திருக்க முடியாதும்மா."

நல்ல கடிதம்

மாணிக்கம் விடவில்லை. வருடக்கணக்கில் அலைந்து, பள்ளிக்கென்று ஒரு துண்டு நிலத்தைக் கம்பெனியிடமிருந்து எழுதி வாங்கிவிட்டார். எண்பதுகளின் நடுவில் புதுக் கட்டடத்துக்கு அனுமதி வந்தது. தேவிக்கு நடந்ததற்குப் பிறகு அதைத் தபாலில் போட எனக்கு மனம் வரவில்லை. லீவு போட்டு, பஸ் ஏறி, நானே கொண்டுபோனேன்.

ரப்பரை வெட்டிச் சாய்த்து, எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டிருந்தார்கள். தொழிலாளர் குடியிருந்த லயத்து வீடுகளில் பாதி பூட்டிக் கிடந்தன. குடும்பங்கள் வேலை தேடி ஈப்போவுக்கும் கிள்ளானுக்கும் போய்விட்டன. மிஞ்சியது ஒன்பது பிள்ளைகள். அவர்களையும் டவுன் பள்ளிக்கு மாற்றப் பெற்றோர் எழுதிக் கொடுத்துவிட்டார்களாம். மாணிக்கம் எனக்கு நாற்காலி போட்டு, தேநீர் வரவழைத்து, கடிதத்தை இரண்டு முறை படித்தார். "நல்ல கடுதாசிலா. பள்ளிக்கூடச் சாவிய யாருகிட்ட குடுக்கணும்னு இதுல போட்டிருக்கா, தங்கச்சி?"

நான் ஓய்வு பெற்ற அன்று, ஒரு விதியைக்கூட மீறாதவள் என்று மாலை போட்டுப் பாராட்டினார்கள். அதில் பொய் எதுவும் இல்லை என்பதுதான் என் வருத்தம்.