கலைத்ததும் கலைந்ததும்

கல்யாணமாகி இரண்டாம் வருஷம் என் வயிற்றில் தங்கிய முதல் கரு மூன்றாம் மாதத்திலேயே கலைந்துபோனது. ரத்தம் நிற்கவில்லை. திருவாதவூரிலிருந்து வண்டி கட்டி, மதுரையில் பெண்களுக்கென்று இருந்த மிஷன் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மயக்க மருந்து கொடுத்து வயிற்றைச் சுத்தம் செய்தார்கள். சின்ன ஆபரேஷன்தான். சில நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ரசீதை என் வீட்டுக்காரர் வாங்கி, படிக்காமலே மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

என் மாமனாருக்கு ஒரு பழக்கம். கிஸ்தி ரசீதோ கல்யாணப் பத்திரிகையோ, வீட்டுக்கு எந்தக் காகிதம் வந்தாலும் வாசலில் நின்று தெருவுக்கே கேட்கும்படி வாசிப்பார். எழுத்துத் தெரிந்தவர் என்ற பெருமை. அன்று அந்த ஆஸ்பத்திரி ரசீதையும் மகனிடமிருந்து வாங்கி வாசித்தார்.

“கரு கலைத்து வயிற்றைச் சுத்தம் செய்த வகையில்…”

அதோடு நிறுத்திவிட்டார். எதிர்வீட்டில் நெல் புடைத்துக்கொண்டிருந்த சத்தமும் நின்றது.

கலைந்து என்றால் தானாகப் போனது. கலைத்து என்றால் நானே போக்கிக்கொண்டது. ந் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு த். நானோ பசுமலைப் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள். படித்தவளுக்குப் பிள்ளை பெற மனசு வராது என்று ஏற்கெனவே முணுமுணுத்துக்கொண்டிருந்த வீடு அது. கேட்க வேண்டுமா?

“நான் கலைக்கல மாமா. தானாப் போச்சு. தப்பா எழுதியிருக்காக.”

“ஆஸ்பத்திரியில பொய்யா எழுதுவாக?” என்றார்.

மாமியார் அன்றோடு என்னிடம் பேச்சை நிறுத்தினார். என் அப்பாவுக்கு ஆள் அனுப்பி என்னை ஒரேயடியாகக் கூட்டிப்போகச் சொல்வது என்று, என் காதில் விழும்படியே பேசினார்கள். வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரத்தத்தில் நனைந்திருந்த என்னைத் தூக்கி வண்டியில் ஏற்றியவரே அவர்தான். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் பொங்கியது.

“வண்டியப் பூட்டுங்க,” என்று அவரிடம் சொன்னேன். “அந்த எழுத்த மாத்தி வாங்காம நான் சும்மா விட மாட்டேன்.”

பச்சை உடம்போடு, வண்டி குலுங்கிய குலுக்கலில் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் மதுரை போய்ச் சேர்ந்தேன்.

ரசீது எழுதிய குமாஸ்தா சிரித்தார். “ரெண்டும் ஒண்ணுதாம்மா. ஒத்த எழுத்துக்கா இம்புட்டுத் தூரம் வந்தீக?”

“ஒங்க வீட்டுப் பொண்ணுக்கு இப்படி எழுதிக் குடுத்தா ஒண்ணுன்னு சொல்வீகளா?”

சிரிப்பு நின்றது. டாக்டர் எழுதிய சீட்டை எடுத்துக் காட்டினார். அதில் இங்கிலீஷில் அபார்ஷன் என்று இருந்தது. அபார்ஷன் என்றால் கருக்கலைப்பு, தன் இஷ்டத்துக்கு எதையும் எழுதவில்லை என்றார். வேண்டுமானால் த்-ஐ அடித்து ந் போட்டுத் தருகிறேன் என்றார். அடித்துத் திருத்தியதைக் கொண்டுபோனால் கெஞ்சி மாற்றி வாங்கியது என்பார்கள். முடியாது என்று சொல்லி, டாக்டரம்மா வரும்வரை நகர்வதில்லை என்று அவர் மேஜைக்கு முன்னால் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

“எந்திரி, எல்லாரும் பாக்குறாக,” என்றார் வீட்டுக்காரர்.

“பாக்கட்டும்.”

டாக்டரம்மா வெள்ளைக்காரி. பைபிள் வாசிப்பது போலத்தான் தமிழ் பேசுவார். “நீ ஏன் இங்கே உட்கார்ந்திருக்கிறாய்?” என்று கேட்டார். சொன்னேன். “எங்கள் வைத்தியத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான்,” என்றார்.

“எங்களுக்கு அப்படி இல்லம்மா. ஒண்ணுக்கு அழுவாக. இன்னொண்ணுக்கு வீட்ட விட்டுத் தொரத்துவாக.”

அவர் முகம் சிவந்துவிட்டது. பழைய ரசீதை ரத்து செய்யச் சொல்லி, புதிதில் ‘கரு தானாகக் கலைந்து’ என்று தன் கையாலேயே எழுதினார். அரிச்சுவடி படிக்கிற பிள்ளையின் எழுத்துப் போல இருந்தது. ந் மேல் புள்ளி இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் எழுந்தேன்.

ஊருக்கு வந்ததும் மாமனாரிடம் அதை நீட்டினேன். “அன்னைக்கு மாதிரியே வாசிங்க மாமா.”

தொண்டையைச் செருமிக்கொண்டு மெல்ல வாசித்தார்.

“எதிர்வீட்டுக்குக் கேக்கல,” என்றேன்.

என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சத்தமாகவே வாசித்தார். “கரு தானாகக் கலைந்து…”

மாமியார் வெளியே வந்தார். அவர் ஒன்று சொன்னால் பத்தாகத் திருப்பிக் கொடுக்க நான் வண்டியிலேயே வார்த்தைகளைத் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார்.

“ஆணா பொண்ணான்னு ஏதும் சொன்னாகளா?” என்று கேட்டார்.

அதுவரை ஒருத்தரும் பிள்ளையைப் பற்றி என்னிடம் கேட்கவில்லை. தெரியல அத்தை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது.