ஜானகியம்மாளின் அரைப்பட்டை

மணவாள நகர் முனையில் தொங்கிய பட்டறைப் பலகையில் சுப்பராயன் பெயர்தான் இருந்தது. சுப்பராயன் குறடு பிடிப்பார். சம்மட்டி போடுவது அவர் மனைவி ஜானகியம்மாள். எதிரே கரி டிப்போவில் எனக்கு வேலை. மூட்டை இறக்கப் போகும்போதெல்லாம் இரண்டு நிமிடம் கூடுதலாக நின்றுவிட்டு வருவேன்.

லாரியின் எடையைத் தாங்க அடுக்காகக் கட்டியிருக்கும் வளைந்த எஃகுப் பட்டைகளைக் கமான் என்பார்கள். படுத்துப்போன பட்டையைக் காய்ச்சி, அடித்து, வளைவு ஏற்றி, எண்ணெயில் முக்கி, மறுபடி அளவாகச் சூடேற்றவேண்டும். அளவைப் பார்க்க ஜானகியம்மாள் ஒரு காய்ந்த வேப்பங்குச்சியைப் பட்டைமேல் இழுப்பார். முனையில் பொறி மின்னும்வரை மூச்சை விடமாட்டார். அது டிப்போ வாசலிலிருந்தே எனக்குத் தெரியும்.

1970 பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை, ராமஸ்வாமி தன் பழைய ஃபியட்டில் வந்து இறங்கினார். கோயில் கைங்கர்யக் குடும்பத்துப் பிள்ளை. நெற்றியில் திருமண், விரல் முழுக்க கிரீஸ். எஞ்சினைத் தானே பிரித்து வேகம் கூட்டி, சோழவரம் பந்தயத்துக்குப் பேர் கொடுத்திருந்தார். வண்டி தாழ்ந்து நின்றால் வளைவில் சாயாது என்று போன மாதம்தான் இதே பட்டறையில் பின்கமானில் பக்கத்துக்கு இரண்டு பட்டை எடுத்துவிட்டுப் போனார்.

துண்டில் சுற்றியிருந்ததைப் பிரித்து வைத்தார். ஒடிந்த இரண்டு ஆக்சில், பின்சக்கரத்தைச் சுழற்றும் தண்டுகள்.

"கெளம்பறச்சே பின்சக்கரம் தவளையாட்டம் குதிக்கறது, ஆசாரியாரே. ரெண்டும் அப்படித்தான் போச்சு. உள்ள இருக்கறது மூணாவது. மெட்ராஸ் பூராத் தேடியாச்சு, வேற கிடையாது. ஞாயித்துக்கிழமை ரேஸ்."

கமான் மாற்ற வந்திருந்த லாரி டிரைவர் கோபால் சும்மா இருப்பாரா? "இன்னா நைனா, கார ரேஸுக்கு அனுப்பினியா, சர்க்கஸுக்கு அனுப்பினியா?"

காத்திருந்த லாரிக்காரர்கள் சிரித்தார்கள். சுப்பராயனுக்குக் காது சிவந்தது. இந்த ரோட்டில் லாரி அடுத்த டீக்கடையை எட்டுவதற்குள் ஒரு பட்டறையின் பேர் கெட்டுவிடும்.

"கமான்ல ஒரு கோளாறும் இல்ல. கார்ல ரெண்டு பேரு, இன்னா வெயிட்டு? சாமி கிளச்ச தடால்னு உட்றாரு, குதிக்காம இன்னா பண்ணும்?"

"நெல்லு மூட்டய டிக்கில போட்டு ஓட்டு சாமி" என்றார் கோபால்.

"போட்டுப் பாத்தேன். குதிக்கல. ஓடவும் இல்ல."

"கிளம்பிக் காட்டு சாமி, ஒரே தபா" என்று சொல்லிவிட்டு ஜானகியம்மாள் ரோட்டோரம் குந்தினார். வண்டி தடதடவென்று உதறி ஓடி நின்றது. நல்லவேளை, ஒடியவில்லை. தாரில் கறுப்புத் தடம் விட்டு விட்டுக் கிடந்தது, பேச்சு வராதவன் எழுதிய வரி மாதிரி. ஜானகியம்மாள் இடைவெளிகளைச் சாணால் அளந்தார். எல்லாம் ஒரே அளவு.

"மேடு பள்ளம்னா எப்டியோ குதிக்கும். இது எண்ணிக்கினு குதிக்குதே" என்று நிமிர்ந்தார். "இனிமே ஓட்ட வேணாம் சாமி. நிக்க வெச்சே பாப்போம்."

புளியமரத்தில் ஒரு பழைய டயரைச் சாத்தி, அதில் வண்டியின் முன்பக்கத்தை முட்டுக்கொடுக்கச் சொன்னார். வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பை எடுத்து, பின்னச்சின் நடுவே இருக்கிற பல்சக்கரக் குடத்தின் மூக்கில் தடவினார். பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் சாக்கை விரித்துப் படுத்தார்.

"யம்மா, எந்திரு!" சுப்பராயன் பதறினார்.

"யோவ், கம்னு இரு. சாமி, ஃபர்ஸ்ட் கியர். கிளச்ச மெதுவா... இன்னும் மெதுவா..."

மரம் விடவில்லை. வண்டி திணறியது. முன்னே போக முடியாத விசை பின்னச்சை முறுக்கியது. கமானின் முன்பாதி மேலே புடைத்தது, பின்பாதி கீழே தொய்ந்தது. எஞ்சின் அணைந்ததும் பழையபடி விருட்டென்று திரும்பியது. வண்டியின் அடித்தகட்டில் வெள்ளையாக ஒரு பொட்டு.

ஜானகியம்மாள் எழுந்து தலையிலிருந்த மண்ணைத் தட்டினார். லாரிக்காரர்கள் எல்லோரும் கேட்கும்படியே சொன்னார்.

"தப்பு எங்களுது சாமி. கமான் வெயிட்டத் தாங்கறதுக்கு மட்டும்தான்னு நெனச்சிக்கினு பட்டைய உருவிட்டோம். அச்சு முறுக்கிக்காம புடிச்சிக்கினு இருந்ததும் அதான். இப்ப முறுக்குது, மூக்கு மேல இடிக்குது, சக்கரம் வழுக்குது, விருட்னு திரும்புது, மறுபடி முறுக்குது. அந்த ஒதறல்லதான் ஆக்சில் ஒடியுது."

"பத்து பேரு முன்னால சொல்றியே!" சுப்பராயன் பல்லைக் கடித்தார்.

"பத்து பேருக்கும் நாமதானே கமான் கட்றோம்?"

ராமஸ்வாமி தயங்கினார். "பட்டையத் திரும்பப் போட்டா வண்டி ஒசந்துடுமே."

ஜானகியம்மாள் இரும்புக் குவியலைக் கிளறி, போன மாதம் கழற்றிய பட்டைகளில் இரண்டை இழுத்துப் போட்டார். "முன்பாதிதானே சாமி மேல எகிறுது? அதுக்கு மட்டும் போடுவோம். பின்பாதி அப்டியே இருக்கட்டும். வண்டி ஒசராது."

சுப்பராயன் உலையைத் தானே ஊதினார். பட்டையைப் பாதியாக வெட்டி, வளைவைத் தணித்து, முன்பாதியில் ஒட்டவைத்து இரண்டு இடத்தில் இரும்புப் பட்டி போட்டு இறுக்கினார்கள். வேப்பங்குச்சியில் பொறி மின்னியபோது அதைப் பார்க்கச் சுப்பராயனும் குனிந்திருந்தார்.

மறுநாள் காலை செவ்வாப்பேட்டை ரோட்டில் ராமஸ்வாமி கிளச்சைத் தடாலென்று விட்டார். ஜானகியம்மாள் கண்ணை மூடிக்கொண்டார். அவர் கண் மூடி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். வண்டி சீறிப் போய்விட்டது. ரோட்டில் இரண்டு கறுப்புக் கோடுகள், எங்கேயும் அறுபடாமல்.

சோழவரத்தில் ராமஸ்வாமி நாலாவதாக வந்தார். ஆக்சில் முழுசாகத் திரும்பியது.

அடுத்த வாரம் கோபால் லாரியோடு வந்தார். "காலி வண்டி இடுப்ப ஒடிக்குது நைனா. ரெண்டு பட்டை கயட்டிப் போடு."

வேறு நாளாக இருந்தால் சுப்பராயன் ஸ்பேனரை எடுத்திருப்பார். அன்றைக்குத் தலையைச் சொறிந்தார்.

"இரு, கயட்டலாம். அது இன்னா இன்னாத்தயெல்லாம் புடிச்சிக்கினு இருக்குதுன்னு மொதல்ல பாக்கணும்."

"யாரு பாக்கறது?"

லாரிக்கு அடியிலிருந்து ஜானகியம்மாளின் குரல் வந்தது. "சுண்ணாம்பு டப்பாவ இப்டித் தள்ளு."