ஒரு நாள் பிரேக்

அப்பாவின் ஆட்டோவுக்குப் பிரேக் மாற்றுவதா, பெயிண்ட் அடிப்பதா என்று எங்கள் வீட்டில் நாள்கணக்கில் சண்டை நடந்தது. இரண்டுக்கும் சேர்த்துக் காசில்லை. எஃப்சி நெருங்கிவிட்டது. ஆர்டிஓ ஆபீஸில் வண்டியைக் காட்டி, ரோட்டில் ஓடத் தகுதியானது என்று எழுதி வாங்காவிட்டால் வண்டி நிற்கும். வண்டி நின்றால் வீட்டில் உலை வைக்க முடியாது.

பெயிண்ட்தான் என்று தீர்ப்புச் சொன்னவர் பெரிய மாமா, அம்மாவின் அண்ணன். அவரும் ஆட்டோக்காரர்தான். ஆனால் அவருடையது புது வண்டி. அந்த ஒரு காரணத்துக்காகவே எங்கள் வீட்டு நாற்காலியில் அவர் கால்மேல் கால் போட்டு உட்காருவார்.

"பெயிண்ட்டை யாரும் இரவல் குடுக்க மாட்டான் மாப்ளே. பிரேக்க நான் குடுக்கறேன்" என்றார்.

தொண்ணூறுகளின் பெங்களூரில் இதில் ஒளிவுமறைவே கிடையாது. ஆர்டிஓ ஆபீஸுக்கு வெளியே ஒரு தூங்குமூஞ்சி மரம், அதன் அடியில் ஒரு மெக்கானிக். நல்ல வண்டியின் சக்கரம், டயர், பிரேக் எல்லாவற்றையும் கழற்றிப் பழைய வண்டியில் மாட்டுவார். பரிசோதனை முடிந்ததும் கழற்றி, பழையபடி மாட்டிக் கொடுப்பார். அவருக்கு அதுதான் பிழைப்பு. ஆபீஸில் இருந்தவர்களுக்கும் தெரியும். டீ குடிக்க அவர்களும் அந்த மரத்தடிக்குத்தானே வருவார்கள்.

மாமா சும்மா கொடுக்கவில்லை. ஒரு நாள் ஓட்டம் போகிறது என்று சொல்லித் தங்கையிடமே வாடகை வாங்கிக்கொண்டார்.

அன்று எனக்கு ஸ்கூல் லீவு. அப்பாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு பிரேசர் டவுனிலிருந்து பஸ் பிடித்துப் போனேன். எங்கள் ஆட்டோவை எனக்கே அடையாளம் தெரியவில்லை. கறுப்பும் மஞ்சளுமாகப் பளபளவென்று நின்றது. இன்ஸ்பெக்டர் ஏறி, கொஞ்ச தூரம் ஓட்டி, பிரேக்கை ஓங்கி மிதித்தார். டயர் தரையில் கறுப்புக் கோடு போட்டுக்கொண்டு நின்றது. அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். பரீட்சையில் தானே பாஸானது போல ஒரு சிரிப்பு.

வண்டி மரத்தடிக்கு வந்து நிற்கக்கூட இல்லை, மாமா மெக்கானிக்கைப் பார்த்து, "கழட்டுப்பா" என்றார்.

"மச்சான், ஒரு வாரம் இருக்கட்டுமே. ஓட்டிச் சம்பாரிச்சு வேற போட்டுக்கறேன்."

"அதுவரைக்கும் என் வண்டி கல்லு மேல நிக்கணுமா? பாத்து மெதுவாப் போங்க மாப்ளே. எல்லாரும் அப்படித்தானே ஓட்டறான்."

பழைய பிரேக் திரும்பி வந்தது. அப்பா மெதுவாகத்தான் ஓட்டினார். இரண்டு மூன்று தடவை மிதித்தால்தான் பிடிக்கும் என்பதால், நிற்க வேண்டிய இடத்துக்கு ரொம்ப முன்னாலேயே மிதிக்கத் தொடங்கிவிடுவார். அந்த வாரம் முழுக்க மழை. சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டுக்கு இறங்கும் சரிவில் ஒரு நாள் எத்தனை மிதித்தும் பிடிக்கவில்லை. நின்றிருந்த லாரியின் பின்னால் போய் மோதினார். பின் சீட்டில் இருந்த புடவை விற்கும் அம்மாவுக்கு மணிக்கட்டு முறிந்தது. அப்பாவின் வலது கால் முட்டிக்குக் கீழே நொறுங்கியது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி, பிரேக் பிடிக்கவில்லை என்று அப்பா போலீஸ்காரரிடம் சொன்னார். அவர் வண்டிக் காகிதத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஈக தானே எஃப்சி ஆகிதெ. பிரேக் ஹேகய்யா ஃபெயில் ஆகத்தெ?" என்றார். இப்போதுதானே எஃப்சி ஆகியிருக்கிறது, பிரேக் எப்படிப் போகும் என்ற அந்தக் கேள்விக்கு அப்பாவிடம் ஒரே ஒரு பதில் இருந்தது. அந்தப் பதில் கட்டிலின் கால்மாட்டில் ஆரஞ்சுப் பழப் பையுடன் நின்றுகொண்டிருந்தது.

போலீஸ்காரர் போனதும் மாமா குனிந்து, "நல்லவேளை, என் பேர இழுக்கல நீங்க" என்றார். ஆரஞ்சை உரித்து அவரே தின்றார். அந்த வாயில் ஓங்கி அறைய வேண்டும் போல இருந்தது எனக்கு. அம்மாவோ அவருக்குக் கை துடைக்கத் துணி எடுத்துக் கொடுத்தாள்.

பிரேக் நன்றாக இருந்தது என்று காகிதமே சொன்னதால், கண்மண் தெரியாமல் ஓட்டியதாக அப்பா மேல் கேஸ் ஆனது. அபராதம் போட்டார்கள். லைசென்ஸையும் முடக்கினார்கள். லைசென்ஸ் இருந்தாலும் அந்தக் காலை வைத்துக்கொண்டு எதை மிதிப்பது? வண்டியை விற்க வேண்டியதாயிற்று. வாங்க வந்தவர் மாமா.

சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். நசுங்கிய மூக்கைத் தட்டினார். உள்ளே உட்கார்ந்து மிதித்தும் பார்த்துவிட்டு வந்து நாற்காலியில் சாய்ந்தார்.

"பெயிண்ட் புதுசு. எஃப்சியும் இருக்கு. அதெல்லாம் சரிதான். ஆனா பிரேக் சுத்தமா இல்லியே மாப்ளே. அதுக்குக் கொறைக்கணும்ல?"

அப்பா மாவுக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "கொறைச்சுக்குங்க மச்சான்" என்றார்.

மாமா வண்டியை நேரே மரத்தடிக்குக் கொண்டுபோய், மூக்கைத் தட்டி நிமிர்த்தி, பிரேக் முழுவதையும் புதிதாகப் போட்டார். ஒரு நாள் காலையில் ஸ்கூலுக்கு நடந்து போய்க்கொண்டிருந்த என்னை வழியில் பார்த்து, அதே வண்டியில் ஏறிக்கொள்ளச் சொன்னார். மாட்டேன் என்றேன். கையைப் பிடித்து ஏற்றினார். ஸ்கூல் வாசல்வரை வேகமாகவே வந்து, பிரேக்கை ஒரே மிதி மிதித்தார். என் நெற்றி முன் கம்பியில் போய் இடித்தது.

"பாத்தியா, எப்படி நிக்குதுன்னு!" என்றார்.