பிக்கைக் கடித்துப் பார்த்தவனின் வாக்குமூலம்

முந்தாநாள் தஞ்சாவூர்ல ஒரு மியூசிக் கடையில, விக்கிறதுக்கு வெச்சிருந்த பிக்கை எடுத்துக் கடிச்சுட்டேன்!

(சிரிக்கிறவங்க சிரிச்சு முடிச்சுட்டு வாங்க. வெயிட் பண்றேன்.)

பிக்னா, கிடார், மாண்டலின் கம்பியை மீட்ட விரல்ல பிடிச்சுக்குவோமே, நகம் மாதிரி ஒரு முக்கோணத் துண்டு. அது.

என்னைத் தெரியாதவங்களுக்கு: குடவாசல் பக்கம் நெல் வியாபாரம். வயசு ஐம்பத்திரெண்டு. கல்யாண சீசன் வந்தா எங்க ஊர் ஆர்கெஸ்ட்ராவுல மாண்டலின்.

பதினாலு வருஷமா ஒரே பிக்தான். அதுவும் வாங்கினதில்ல. மச்சான் துபாய்லேர்ந்து வந்தப்ப, பேசித் தீர்த்த போன் கார்டு ஒண்ணைத் தூக்கிப் போடப் போனார். பிடுங்கி, கத்தரிக்கோலால வெட்டி, பிக் ஆக்கிட்டேன்.

(ஃபாரின் பிளாஸ்டிக்னு பெருமை வேற!)

வினை போன வாரம் வந்துச்சு. பேரு பிரபு.

சிங்கப்பூர்ல மூணு வருஷம் வெல்டிங் வேலை பார்த்துட்டு, திரும்பும்போது ஒரு கீபோர்டைத் தூக்கிட்டு வந்து எங்க ட்ரூப்புல சேர்ந்திருக்கார். அதுல ஒரு பட்டனைத் தட்டினா நாதஸ்வரம். இன்னொண்ணு வயலின். இன்னொண்ணைத் தட்டினா... ஆமா, நான்.

ட்ரூப் ஓனர் செல்வா என்னைத் தனியா கூப்பிட்டார்.

"மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. மைக்கை மாண்டலின் வயித்துக்குள்ளயே விட்டாலும் உங்க சத்தம் வெளிய வரல."

"அது மெலடிப்பா."

"மெலடின்னாலும் காதுல விழணும்ல? ஞாயித்துக்கிழமை பூதலூர்ல ரிசப்ஷன். அன்னிக்கும் கேக்கலைன்னா பிரபு பட்டன்லயே போட்டுக்கட்டும். நீங்க ரெஸ்ட் எடுங்க மாமா."

ரெஸ்ட்! ஒரு மனுஷனை இதைவிட மரியாதையா மேடையிலேர்ந்து இறக்க முடியுமா?

வீட்டுல வந்து புலம்பினேன். "உங்களுக்கும் பட்டனுக்கும் எலெக்‌ஷன் வெச்சா, என் ஓட்டு பட்டனுக்குத்தான். அதை வேணாங்கறப்ப ஆஃப் பண்ணிக்கலாம்" என்றாள் மனைவி.

சத்தம் வரலைன்னா கோளாறு பிக்லதான், புதுசு வாங்கிடுவோம்னு தஞ்சாவூருக்கு பஸ் ஏறிட்டேன்.

கடைக்காரர் ஒரு பாய். மஸ்கட்ல ரொம்ப வருஷம் இருந்துட்டு வந்து கடை போட்டவர். கண்ணாடி மேல பிக்குகளைப் பரப்பினார்.

"கெட்டியா வேணுமா, மெல்லிசா வேணுமா?"

"நல்லதா வேணும் பாய். அந்தச் சிவப்பு எப்படி?"

"கலரை வெச்சு என்னங்க பண்றது, சட்டையா தைக்கப் போறீங்க?"

அப்பதான் அந்த அசம்பாவிதம். நான் வேணும்னு செய்யலைங்க. முப்பது வருஷப் பழக்கம். களத்துல நெல் குவிஞ்சு கிடந்தா, கை தானா நாலு மணியை எடுக்கும், வாய் தானா கடிக்கும். டக்குனு உடைஞ்சா காஞ்ச நெல். நசுங்கினா ஈரம். கண்ணாடி மேல சின்னச் சின்னதா குவிஞ்சு கிடந்துச்சா... கடிச்சுட்டேன்.

"என்னங்க பண்றீங்க!"

"நெல் வியாபாரி பாய், பழக்கதோஷம். காஞ்சிருக்கான்னு பாத்தேன்."

"அது பிளாஸ்டிக்குங்க! மழையில நனைஞ்சா வந்திருக்கு?"

"பல்லுக்கு நல்லாத்தான் இருக்கு..."

"பல்லாலயா வாசிக்கப் போறீங்க? அது இனி உங்களோடது. பில்லு போட்டுடறேன். சரி, உங்க மாண்டலின் எங்க?"

"வீட்ல."

"நெல்லைப் பாக்காம போன்லயே வாங்கிடுவீங்களோ?"

வாயை மூடிக்கிட்டேன். (பாக்கி பிக்குகளோட பாதுகாப்புக்கும் அது நல்லது.)

நம்ம போன் கார்டை எடுத்துக் காட்டினேன். பாய் ரெண்டு விரல்ல தூக்கி, வளைச்சுப் பார்த்தார்.

"மாண்டலின்ல ஜோடி ஜோடியா எட்டு கம்பி. இந்த வளையுற சாமானால நீங்க கம்பியை மீட்டல, தடவிக் கொடுத்திருக்கீங்க."

அப்புறம் ஒண்ணைத் தேடி எடுத்தார். கெட்டி. வளைச்சா வளையல. முனை கூரா இல்லாம உருண்டை.

"ஓரத்தைத் தடவிப் பாருங்க. வழவழன்னு இருக்கா? சொரசொரன்னு இருந்தா கம்பியில கீச்சு கீச்சுன்னு உரசும். விரல் வேர்த்தாலும் இது வழுக்காது."

கடை மாண்டலின்ல ஒரு தட்டு தட்டினேன். டிங்ங்! தெருவுல போனவர் திரும்பிப் பார்த்தார். எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. (பில்லைப் பாத்து இல்ல. அது அப்புறம்.)

நேத்து ரிசப்ஷன். முதல் பாட்டு. புதுப் பிக்கால இழுத்தேன் பாருங்க!

பந்தியில சாம்பார் வாளியோட போனவர் நின்னுட்டார். மாப்பிள்ளை போட்டோவுக்குச் சிரிக்கிறதை நிறுத்திட்டு என்னைப் பார்த்தார். ஆகா, மண்டபமே நம்ம கையிலன்னு ரெண்டாவது பாட்டுக்கு இன்னும் ஓங்கி அடிச்சேன்.

செல்வா முகத்தைப் பார்த்தா, அறுப்பு அன்னிக்கு மழை பிடிச்சுக்கிட்ட மாதிரி இருக்கு.

இடைவேளையில வந்தார்.

"மாமா... பதினாலு வருஷமா இதையா வாசிச்சுக்கிட்டிருந்தீங்க?"

"ஆமா. ஏன், இன்னும் சத்தம் வேணுமா?"

"பாட்டு அது இல்லையே மாமா!"

பிரபு வேற பவ்யமா சொல்றார்: "நான்கூட என் கீபோர்டுதான் ரிப்பேர்னு நினைச்சு ஆஃப் பண்ணிப் பாத்தேண்ணே."

விஷயம் என்னன்னா, நான் தப்பா வாசிச்சது இத்தனை வருஷமா யாருக்கும் கேக்கல. என்னையும் சேர்த்து!

செல்வா நல்ல மனுஷன். தீர்ப்பைத் தணிவாத்தான் சொன்னார்.

"உங்க நாற்காலி அப்படியே இருக்கட்டும். உட்காருங்க, வாசிங்க, தலையை ஆட்டுங்க. மைக்கை மட்டும் எடுத்துடறேன். சத்தத்தைப் பிரபு பாத்துக்குவார்."

மானமுள்ளவன்னா அப்பவே மாண்டலினைப் பையில போட்டுக்கிட்டு எழுந்து வந்திருப்பான்.

நான் கேட்டது: "வீடியோவுல நான் விழுவேன்ல?"

மைக் இல்லாம, தலையை ஆட்டி ஆட்டி மிச்சப் பாட்டையெல்லாம் வாசிச்சு முடிச்சேன். பட்டன் மாண்டலின் மண்டபத்தையே தூக்கிடுச்சு.

கனடாவுலேர்ந்து வந்திருந்த மாப்பிள்ளையோட சித்தப்பா (கிடார் வாசிப்பாராம்) மேடை ஏறி வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டார்.

"ஃபர்ஸ்ட் ஹாஃப் சுமார்தான் சார். ஆனா செகண்ட் ஹாஃப்ல மாண்டலின் என்ன க்ளாரிட்டி! பிக்கை மாத்தினீங்களா?"

"ஆமா சார்" என்றேன்.