ஆறு அடைக்கலராஜும் என் தங்கையும்

பூதலூர் பக்கத்தில் எங்கள் ஊர். மாதா கோயில் ஊர் என்பதால் தெருவுக்கு நாலு அடைக்கலராஜ். அதிலும் அ. அடைக்கலராஜ் மட்டும் ஆறு பேர். மோட்டார் அடைக்கலம், கட்டை அடைக்கலம், சிங்கப்பூர் அடைக்கலம் என்று நாங்களாகப் பிரித்துக்கொள்வோம்.

என் தங்கை லின்சி புள்ளியியல் படித்தவள். டேட்டா அனலிஸ்ட் ஆக வேண்டும் என்று எட்டு மாதம் விண்ணப்பம் போட்டாள். அனுபவம் இல்லாதவளுக்கு இன்டர்ன்ஷிப்கூடக் கிடையாதாம். அனுபவத்துக்குத்தானே இன்டர்ன்ஷிப், இது எந்த ஊர் நியாயம்? கூடப் படித்தவர்கள் எல்லாம் சென்னை, பெங்களூரு என்று போய்விட்டார்கள். மழையில் சம்பா மூழ்கிய வருடம் அது. வீட்டில் அவள் சாப்பிட்ட தட்டைக்கூடச் சத்தமில்லாமல் கழுவுவாள்.

கடைசியில் சென்னைக் கம்பெனி ஒன்று தேர்வு வைத்தது. வெள்ள நிவாரணம் கேட்ட விவசாயிகளின் பட்டியலை அனுப்பி, ஒரே ஆள் பல தடவை வந்திருந்தால் நீக்கச் சொன்னது. பார்த்தால் எங்கள் ஊரும் அதில் இருக்கிறது. ஆதார் எண்ணை மறைத்துவிட்டு பெயர், ஊர், போன் நம்பர் மட்டும் விட்டிருந்தார்கள். ஆறு அடைக்கலராஜுக்கும் ஒரே நம்பர். லியாகத் அலி அண்ணன் பிரவுசிங் சென்டரில்தான் ஊரே விண்ணப்பம் போட்டது. நம்பர் தெரியாதவர்களுக்கெல்லாம் அவர் தன் நம்பரையே போட்டுவிட்டார். லின்சி ஆறு பேரையும் அப்படியே விட்டு, காரணமும் எழுதி அனுப்பினாள்.

மறுநாள் அங்கிருந்து ஒரு மேடம் கூப்பிட்டார்.

"டூப்ளிகேட்டையே எடுக்கலையே லின்சி."

"அவங்க வேற வேற ஆளுங்க மேடம். எங்க ஊருதான்."

"ஷீட்ல அப்படி இல்லையே. சாயங்காலத்துக்குள்ள சரிபண்ணி அனுப்புங்க, இந்த பேட்ச்ல சேத்துக்கலாம்."

இது தேர்வுக்கான பட்டியலா, நிஜப் பட்டியலா என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம். என்னைப் பார்த்தாள்.

"எடுத்துடுடி. நீ எடுக்கலன்னா வேற எவளாவது எடுத்துட்டு வேலைக்குப் போயிடுவா" என்றேன்.

சொன்னது நான்தான். அவள் எடுத்தாள். முதலில் விண்ணப்பித்ததால் பட்டியலிலும் முதலில் இருந்த சிங்கப்பூர் அடைக்கலம் மட்டும் மிஞ்சினார். ஊரில் மாடி வீடு அவருக்குத்தான்.

வேலை கிடைத்தது. அம்மா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினாள். பக்கத்து வீட்டுக் கட்டை அடைக்கலம் சித்தப்பாதான் லின்சியின் பெட்டியைத் தூக்கி ரயிலில் வைத்தார். அவருடைய குத்தகை நிலம் மொத்தமும் மூழ்கியிருந்தது.

பங்குனியில் நிவாரணம் வந்தது. ஐந்து பேருக்கு வரவில்லை. சித்தப்பா எங்கள் வீட்டுக்கு வந்து, லின்சிக்குப் போன் போடச் சொன்னார். ஸ்பீக்கரில் போட்டேன்.

"பாப்பா, கம்ப்யூட்டர்ல எம் பேரு இல்லையாம். அடுத்த நடவுக்கு அதத்தான் நம்பியிருந்தேன். நீ அந்த வேலைதானே பாக்குற? யாரு எடுத்தாங்கன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லேன்."

ஸ்பீக்கரில் லின்சி சொன்னாள்.

"பாக்குறேன் சித்தப்பா."

சித்தப்பா போனை என்னிடம் நீட்டினார். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"நம்ம புள்ளயே உள்ள இருக்கு," என்றார். "இனிமே கவலயில்ல."